பெற்றவளை விட்டுப் போகலாமா?

ஒக்டோபர் மாதம் பிறந்தால் நம் ஆலயங்களில் மறைபரப்பு ஞாயிற்றுக்கான கடித உறைகள் பகிரப்படும். 1926ஆம் ஆண்டில் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் ஏற்படுத்திய நாள் அது. நாமும் நம்மால் இயன்றதை அந்த உறைக்குள் வைத்து ஒட்டிப் பீடத்தடியில் சேர்த்து விடுகிறோம். கடமை முடிந்தது. ஆனால் உறைக்குள் வைத்து ஒட்ட முடியாத காணிக்கையொன்று உண்டு. அதைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து சனங்கள் கலைந்த பின்னும் ஒரு தாய் மட்டும் கடைசி வாங்கில் இருந்தார். அறுபது கடந்தவர், கணவனை இழந்தவர். நான் அருகே சென்றதும் எழுந்து நின்று சொன்னார்:

“சுவாமி, மூத்தவன் வெளிநாட்டு மிஷனுக்கு எழுதிக் குடுத்திட்டானாம். ஆபிரிக்காவோ எங்கையோ. குருமடத்துக்குப் போறன் எண்டு கேட்ட நேரம் நான் மறுக்கேல்லை. எங்கடை சனத்துக்குப் பூசை வைப்பான், நான் கண் மூடேக்கை பக்கத்திலை நிப்பான் எண்டு நினைச்சன். இப்ப இது என்ன சுவாமி? பெத்த தாயை விட்டிட்டு, ஆரோ பெத்த தாயைப் பாக்கப் போறது எந்த நியாயம்? இதைக் கடவுள் கேப்பாரோ?”

அந்நேரம் என் நாவில் ஆயத்தமாக ஒரு பதில் இருந்தது. தகப்பனையோ தாயையோ தம்மிலும் மேலாக நேசிப்பவர் தமக்கு ஏற்றவரல்லர் என ஆண்டவர் கூறியதைச் சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். வேதவாக்கியத்தால் ஒருவரின் வாயை அடைப்பது குருக்களாகிய எமக்கு எளிதான காரியம். ஆனால் அந்தத் தாய் கேட்டது வீம்புக் கேள்வியன்று, நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு நியாயத்தால் பதில் சொல்வதே முறை.

இரண்டு வார்த்தைகள்

முதலில், வேதம் இவ்விடயத்தில் ஒரு பக்கமாக மட்டும் பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். தந்தையையும் தாயையும் விட்டு வரும்படி அழைத்த அதே யேசுநாதர்தான், மாற்கு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில், “கொர்பான்” என்ற வழக்கத்தைக் கண்டிக்கிறார். பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளை “இது கடவுளுக்கு நேர்ந்தது” என்று சொல்லி, அவர்களைக் கைவிடுவதற்குச் சமயத்தையே சாட்டாக்கிய வழக்கம் அது. கடவுளின் பெயரைச் சொல்லி நாலாம் கட்டளையை மீறுவது கடவுளுக்கே எதிரானது என்பதே அவர் தீர்ப்பு.

ஆகவே ஓர் இளைஞன் “நான் கடவுளுக்காகப் போகிறேன்” என்று சொன்ன மாத்திரத்தில் விவாதம் முடிந்துவிடாது. கொர்பான் என்றவனும் கடவுளின் பெயரைத்தான் சொன்னான். மெய்யான அழைத்தலையும் கொர்பானையும் வேறுபடுத்துவது எப்படி? அதுவே நம் கேள்வி.

இங்கே புனித தோமஸ் அக்குவீனாஸ் நமக்குத் துணைவருகிறார். இந்த விடயத்தை அவர் ஏட்டில் மட்டும் கற்றவரல்லர். இளைஞராய்த் தொமினிக்கன் சபையிற் சேர்ந்தபோது அவருடைய தாயார் அதனை விரும்பாது, சகோதரர்களை அனுப்பி வழியிலே மறித்துப் பிடித்து, ஏறத்தாழ ஒரு வருடம் வீட்டுக் காவலில் வைத்திருந்தார். பின்னாளில் அவர் தமது இறையியல் தொகுப்பில் இக்கேள்வியை எடுத்துக்கொண்டபோது, தம்மைத் தடுத்த தாய்க்கு எதிராக வழக்காடவில்லை. நிதானமாக இரு பக்கமும் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறார்.

அன்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு என்பது அவர் போதனை. நமக்குக் கிட்டியவர்களுக்கு நாம் கூடுதலாகக் கடமைப்பட்டவர்கள். பெற்றோர் தம் பிள்ளையின் உதவியின்றி வாழ முடியாத நிலையில் இருந்தால், அவர்களை விட்டுத் துறவற சபையிற் சேர்வதும் ஆகாது. ஆனால் தேவையின் அளவையும் பார்க்க வேண்டும். முன்பின் அறியாத ஒருவன் உயிர் போகும் அந்தரத்தில் இருக்க, சொந்தத் தகப்பன் அவ்வளவு நெருக்கடியில் இல்லையென்றால், அந்த அந்நியனுக்கு உதவுவதே அவ்வேளையில் முதற் கடமையாகலாம். உறவின் நெருக்கம் ஒரு தட்டு. தேவையின் அவசரம் மறுதட்டு. தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை ஒவ்வொரு தடவையும் நிறுத்தே பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்ப்போம். தத்துவம் நடந்து காட்டப்படும்போதுதான் நமக்கு விளங்கும்.

மொலோக்காய்த் தீவின் குரு

பெல்ஜியம் நாட்டின் திரெமெலோ என்னும் கிராமத்தில் 1840ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி ஒரு விவசாயக் குடும்பத்திற் பிறந்தவர் யோசேப்பு தெ வூஸ்டர். தமியான் அடிகளார் என்று பின்னர் உலகம் அறிந்த மனிதர். 1859இல் யேசு மரியாயின் திரு இருதயங்களின் சபையிற் சேர்ந்தார். அவருடைய தமையன் பம்பிலும் அதே சபையினர். ஹவாய்த் தீவுகளின் மிஷனுக்குப் போகத் தெரிவு செய்யப்பட்டவர் உண்மையில் அந்தத் தமையனே. பயணத்துக்குச் சில காலமிருக்கையில் அவர் காய்ச்சலில் விழுந்தார். தம்பியோ அப்போது குருப்பட்டம்கூடப் பெற்றிருக்கவில்லை. தமையனுக்குப் பதிலாக என்னை அனுப்புங்கள் என்று பரிசிலிருந்த பெரிய தலைவருக்கு நேரே கடிதம் எழுதினார். அனுமதி கிடைத்தது.

புறப்படுமுன் தம் ஊருக்கு அணித்தாயிருந்த மரியன்னை திருத்தலத்தில் தாயாரைச் சந்தித்து விடைபெற்றார். 1863 ஒக்டோபர் இறுதியில் ஜேர்மனியின் பிறேமர்ஹாவன் துறையிற் கப்பலேறினார். ஏறத்தாழ ஐந்து மாதக் கடற்பயணம். 1864 மார்ச் 19இல், சூசையப்பர் திருநாளன்று, ஹொனலூலுவில் இறங்கினார். அதே வருடம் மே 21இல் அங்கேயே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது வயது இருபத்துநான்கு. தாயை அவர் மறுபடி இவ்வுலகில் காணவில்லை.

அடுத்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்படுவதில்லை. தமியான் என்றதும் தொழுநோய்த் தீவையே நினைக்கிறோம். ஆனால் ஓர் இளம் மறைபரப்பாளரின் நாளாந்த வாழ்வு எத்தகையது என்று அறிய விரும்புபவர் அந்த ஒன்பது ஆண்டுகளையே பார்க்க வேண்டும். ஹவாய்ப் பெருந்தீவில் முதலிற் பூனா, பின்னர் கோஹாலா என்னும் பகுதிகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. எரிமலைக் குழம்பு உறைந்த தரை, செங்குத்தான பள்ளத்தாக்குகள். பங்கை ஒரு தடவை சுற்றி வரப் பல வாரங்கள் வேண்டும். குதிரையிற் போவார், குதிரை போகாத இடத்தில் நடந்து போவார், நடக்கவும் முடியாத இடத்துக்கு ஓடத்திற் போவார். பூசைக்குரிய பொருட்களைக் கூடவே சுமந்து செல்வார். ஆலயம் இல்லாத இடத்தில் மரத்தைத் தறித்துத் தம் கையாலேயே சிற்றாலயம் கட்டுவார். அம்மக்களின் மொழியைக் கற்று அவர்களின் உணவையே உண்டார். “போயி” என்னும் கிழங்குக் களியை எல்லோரும் ஒரே பாத்திரத்தில் விரலிட்டு உண்ணும் வழக்கத்துக்குத் தம்மைப் பழக்கிக்கொண்டார். “தமியான்” என்று சொல்ல வராத மக்கள் அவரைக் “கமியானோ” என்று அழைத்தார்கள்.

இதில் வீரச்செயல் எதுவும் இல்லை. யாரும் செய்தித்தாளில் எழுதவில்லை. மழை, சேறு, குதிரைக்குப் புல், சுகவீனமான கிழவிக்கு அவஸ்தைப்பூசுதல், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், ஒழுகும் கூரைக்குப் பலகை, இரவில் தனிமை. எல்லாவற்றிலும் தனிமையே அவரை அதிகம் வருத்தியது. பாவசங்கீர்த்தனம் செய்ய இன்னொரு குருவைக் காண நெடுந்தூரம் போக வேண்டியிருந்தது.

அன்பு வாசகரே, மறைபரப்பு என்றதும் நம் மனக்கண்ணில் வாளும் இரத்தமும் தோன்றும். ஆனால் மறைபரப்பாளரின் நாட்களிற் பெரும்பாலானவை இப்படித்தான். நம் வீட்டுத் தாய்மாரின் நாட்களைப் போல, செய்ததையே மறுநாளும் செய்யும் நாட்கள்.

தாழை மரத்தடியில்

ஹவாய் இராச்சியத்தில் தொழுநோய் பரவியபோது, நோயாளரைப் பிரித்து வைக்கும் சட்டம் 1865இல் இயற்றப்பட்டது. 1866 ஜனவரியிலிருந்து அவர்கள் மொலோக்காய்த் தீவின் வடக்கே கடலுக்குள் நீண்டிருந்த நிலப்பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மூன்று பக்கமும் கடல். நாலாம் பக்கம் ஏறத்தாழ 2,000 அடி உயரச் செங்குத்து மலை. சுவரில்லாச் சிறை. நம் நாட்டிலும் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் தொழுநோயாளருக்கென வைத்தியசாலை அமைந்திருந்ததை அறிந்தவர்களுக்கு, நோயாளிக்குத் தண்ணீரையே வேலியாக்கும் இந்த ஏற்பாடு புதிதன்று.

1873இல் ஆயர் மெக்றே தம் குருக்களிடம் இதைப் பற்றிப் பேசினார். கட்டளையாக யாரையும் அனுப்ப அவர் விரும்பவில்லை. நால்வர் முன்வந்தனர், முறைவைத்துப் போவதென்பது ஏற்பாடு. முதல் முறைக்குரியவர் தமியான். மே 10ஆம் திகதி அங்கே போய் இறங்கினார். ஆலயமொன்று இருந்தது, குருவுக்கு வீடு இல்லை. ஆலயத்தருகே நின்ற தாழை மரத்தின் கீழ் படுத்துறங்கினார். சில நாட்களுக்குள், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று மேலதிகாரிகளுக்கு எழுதினார். அந்தச் சில நாட்கள் பதினாறு வருடங்களாயின.

அப்பதினாறு வருடங்களின் நாளாந்தக் கணக்கைப் பாருங்கள். காலையிற் செபமும் திருப்பலியும். பின்னர் குடிசை குடிசையாக நோயாளரைச் சந்தித்துப் புண்களைக் கழுவிக் கட்டுதல். அழுகலின் நாற்றத்தைத் தாங்குவதற்காகப் புகைக்குழாய் பிடிக்கப் பழகிக்கொண்டார். மலையடிவாரத்து ஊற்றிலிருந்து குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டு வருவதில் நோயாளரோடு சேர்ந்து வேலை செய்தார். வீடு கட்டினார். அநாதைச் சிறுவருக்கும் சிறுமியருக்கும் இல்லங்கள் அமைத்தார். பாடகர் குழாமும் வாத்தியக் குழுவும் சேர்த்தார். மரித்தோருக்குப் பெட்டி செய்தார், குழி வெட்டினார். அப்பெட்டிகள் நூற்றுக்கணக்கானவை. அதுவரை பெட்டியின்றிப் புதைக்கப்பட்டவர்களே அங்கு பலர்.

1884ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் கொதிநீரிற் கால் பட்டது. தோல் பொங்கியும் நோவு தெரியவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டதை அறிந்துகொண்டார். 1889 ஏப்பிரல் 15இல், நாற்பத்தொன்பதாவது வயதில், அங்கேயே இறந்தார். எந்தத் தாழையின் கீழ் முதலிற் படுத்தாரோ அதன் கீழேயே அடக்கம் செய்யப்பட்டார். 1936இல் அவர் உடல் பெல்ஜியத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2009இல் புனிதராகவும் திருச்சபை அவரை உயர்த்தியது.

அவர் குறையற்ற மனிதரல்லர். முற்கோபி, பிடிவாதக்காரர், மேலதிகாரிகளோடு மோதியவர் என்று அவரோடு வாழ்ந்தவர்களே சொன்னார்கள். அவர் இறந்தபின் ஒரு போதகர் அவரை இழிவாக எழுதியபோது, 1890இல் அதற்குப் பதிலெழுதியவர் கத்தோலிக்கரல்லாத ஸ்கொத்லாந்து எழுத்தாளர் றொபேட் லூயிஸ் ஸ்டீவன்சன். அவரும் அடிகளாரின் குறைகளை மறைக்கவில்லை. குறைகளோடேயே அவரைப் பெரியவர் என்றார். பலவீனமான மனிதர்களைக் கொண்டே கடவுள் தம் வேலையைச் செய்கிறார் என்பதில் நமக்கும் ஆறுதல் உண்டு.

நாங்களும் நாமும்

இனி நம் கேள்விக்கு வருவோம். அந்த இளைஞன் தாயை விட்டுப் போனதை நியாயப்படுத்துவது எது? அவர் நோய்வாய்ப்பட்டு இறந்ததா? அவர் பெற்ற புகழா? இல்லை. பலனைக் கொண்டு செயலை நியாயப்படுத்தினால், கோஹாலாவிலேயே ஒருவரும் அறியாமல் மரித்திருந்தால் அவர் போனது பிழையாகிவிடுமே!

நான் காணும் பதில் நம் தாய்மொழியிலேயே இருக்கிறது. தமிழில் “நாங்கள்” என்றொரு சொல். “நாம்” என்றொரு சொல். “நாங்கள்” என்றால் கேட்பவன் வெளியே நிற்கிறான். “நாம்” என்றால் கேட்பவனும் உள்ளே வந்துவிடுகிறான். ஐரோப்பிய மொழிகளில் இந்த வேறுபாட்டுக்குத் தனிச் சொற்கள் இல்லை. ஹவாய் மக்களின் மொழியிலோ, நம் மொழியைப் போலவே, இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. தமியான் அடிகளார் நோய் தம்மைத் தீண்டுமுன்பே, அம்மக்களுக்குப் பிரசங்கிக்கையில், தொழுநோயாளராகிய நாம் என்று பேசினார். அவர் சென்ற தூரமெல்லாம் கடலில் அன்று; “நாங்கள்” என்பதிலிருந்து “நாம்” என்பதற்கு அவர் சென்ற தூரமே மெய்யான தூரம்.

அந்தத் தூரத்தைக் கடக்காமல் போன மறைபரப்பாளரும் உண்டு. இதை நாம் மறைக்கலாகாது. அதே ஹவாய்த் தீவுகளில், கப்பல்களோடு வந்த நோய்களால் மக்கள்தொகை தேய்ந்து, 1872ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 57,000 பேர் மட்டிலாகியிருந்தது. வேதம் கொண்டு வந்த குடும்பங்கள் சிலவற்றின் பிள்ளைகள் கரும்புத் தோட்ட முதலாளிகளானார்கள். 1893இல் அந்நாட்டு அரசியைப் பதவி நீக்கியவர்களிடையேயும் அத்தகையோர் இருந்தனர். அவை வேறு சபையாரின் குடும்பங்கள் என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. நம் தீவிலே போர்த்துக்கேயர் காலத்தில் சிலுவையும் வாளும் ஒரே கப்பலில் வந்தன. அதன் கசப்பை நம் அயலவர் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் ஒல்லாந்தர் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த புனித யோசவ்வாஸ் அடிகளார், வாளோடு வரவில்லை. கூலியாளின் கோலத்தில், வயிற்றோட்டத்தால் மெலிந்து வந்தார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தார்கள். 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, பிறர் விட்டோடிய நோயாளரை அவரே பராமரித்தார். வாளோடு வந்தவர்கள் போய்விட்டார்கள். பிச்சைக்காரராய் வந்தவர் 1711இல் கண்டியிலே மரித்து நம்மவராகவே இங்கே தங்கிவிட்டார். நம் விசுவாசத்துக்கு நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்? தம் தாய்மாரை விட்டு வந்த பிள்ளைகளுக்கே அன்றோ?

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். தமியான் போவதற்கு முன்னரே, நோயில்லாத ஹவாய் மக்களிற் சிலர், தொழுநோய் கண்ட கணவனோடும் மனைவியோடும் பிள்ளையோடும் தாமாகவே அங்கு போய்த் தங்கிப் பராமரித்து வந்தார்கள். “கோக்குவா” என்று அவர்களுக்குப் பெயர். அன்பை அத்தீவுக்கு முதலிற் கொண்டு போனவர் தமியான் அல்லர். ஏற்கெனவே அங்கிருந்த அன்போடு போய்ச் சேர்ந்துகொண்டவர் அவர். நல்ல மறைபரப்பாளர் கொடுக்க மட்டும் போகிறவரல்லர். கடவுள் தமக்கு முன்னரே அங்கே போயிருக்கிறார் என்று நம்பிப் போகிறவர்.

யாருடைய காணிக்கை?

இதுவரை மகனின் பக்கம் பேசினோம். தாயின் பக்கம்?

இங்கேதான் கேள்வியின் முள் இருக்கிறது. போகிறவன் தன் சுகத்தைத் தியாகம் செய்கிறான்; அது அவனுடையது, கொடுக்க அவனுக்கு உரிமையுண்டு. ஆனால் வீட்டிலே தனித்திருக்கப் போகும் தாயின் கண்ணீர் அவனுடையதன்று. அதை எடுத்துக் கடவுளுக்குக் காணிக்கையாக்க அவனுக்கு என்ன உரிமை? பிறர் பொருளைக் காணிக்கை கொடுப்பது காணிக்கையாகுமா?

ஆகாது என்பதே என் எண்ணம். தாயின் துன்பத்தைத் தாய் மட்டுமே ஒப்புக்கொடுக்க முடியும். ஆகவே போகிற பிள்ளை அறிவித்துவிட்டுப் போகலாகாது. கேட்டுப் போக வேண்டும். கேட்பதென்றால் அவள் “ஓம்” என்று சொல்லும்வரை காத்திருப்பது என்று பொருளல்ல. புனித அருளானந்தரின் தாயார் தம் மகன் இந்தியாவுக்குப் போவதைத் தடுக்க எவ்வளவோ முயன்றார். அவரோ போனார். மதுரை மிஷனில் உழைத்தார். 1687இல் திருச்சபை அலுவலாகத் தாயகத்துக்கு அழைக்கப்பட்டபோதும் அங்கேயே தங்கிவிடாமல் மீண்டும் வந்து, 1693இல் ஓரியூரில் வேதசாட்சியாக மரித்தார். அந்தத் தாய் அன்று சம்மதித்திருந்தால் மட்டுமே அது அழைத்தலாகும் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் தாயின் துயரத்தை ஒன்றுமில்லாததாக எண்ணிப் போகிறவனின் இருதயம், போகும் இடத்திலும் யாருடைய துயரத்தையும் உணரப் போவதில்லை. வீட்டுக் கண்ணீரைக் காணாத கண் வெளிநாட்டுக் கண்ணீரை எப்படிக் காணும்?

ஆண்டவரைப் பாருங்கள். உலகத்தின் மீட்புக்காகச் சிலுவையில் தொங்கிய வேளையிலும், தம் தாயை அன்புச் சீடனிடம் ஒப்படைத்த பின்னரே அவர் உயிர் விட்டார். அதைவிடப் பெரிய அலுவல் யாருக்கு உண்டு? ஆயினும் தாயை யார் வீட்டுக்கு அழைத்துப் போவது என்பதை அவர் மறக்கவில்லை. கொர்பானைக் கண்டித்தவர் அதைத் தம் வாழ்விலும் செய்யவில்லை.

எனவே மிஷனுக்குப் போக விரும்பும் இளைஞன் தன்னைத் தானே மூன்று கேள்விகள் கேட்கட்டும். என் பெற்றோருக்குச் சோறும் மருந்தும் மட்டுமல்ல, இராத்திரியில் கூப்பிட ஓர் ஆளும் உண்டா? நான் ஓர் இடத்துக்குப் போகிறேனா, அல்லது ஓர் இடத்திலிருந்து ஓடுகிறேனா? போகும் இடத்தில் யாரும் பாராட்டாத, யாரும் எழுதாத ஒன்பது ஆண்டுகள் எனக்கு வாய்த்தால் சம்மதமா? இம்மூன்றுக்கும் உண்மையாகப் பதில் சொல்ல முடியுமானால் அவன் போகலாம். முதலாவதற்கு இல்லை என்பது பதிலானால், தங்குவதே அவனுடைய மிஷன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம்மை நோக்கி ஒரு வார்த்தை

இறுதியாக, நம் குடும்பங்களை நோக்கி ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது. போரினாலும் வறுமையினாலும் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். உயிரைக் காக்கப் போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆபத்தில்லாத காலத்திலும், காணியை ஈடுவைத்து, நகையை விற்று, ஏஜன்சிக்குப் பணம் கட்டிப் பிள்ளையை அனுப்புகிறோமே; அப்போது “என்னை ஆர் பார்ப்பார்?” என்று நாம் கேட்கிறோமா? அங்கே அவன் பனியில் நின்று உழைப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். அதே பிள்ளை ஆண்டவருக்காகப் போகிறேன் என்றால் மட்டும் நாலாம் கட்டளை நம் நினைவுக்கு வருகிறது. தராசு ஒன்றாயிருக்க வேண்டும், வாசகரே. பணத்துக்கு ஒரு நிறை, கடவுளுக்கு ஒரு நிறை வைக்கலாகாது.

இதையெல்லாம் நான் அந்தத் தாய்க்கு ஒரே நாளிற் சொல்லவில்லை. சில வாரங்களாக, ஆலய முற்றத்திலும் அவர் வீட்டுத் திண்ணையிலும் இருந்து கதைத்தோம். மகனோடும் கதைத்தேன். இளைய மகள் அயற்கிராமத்தில்தான் வாழ்கிறாள். தாயைத் தன்னோடு வைத்திருக்க அவளும் கணவனும் சம்மதம். மகன் அதைத் தானாகவே போய் அவர்களிடம் கேட்டிருக்கிறான். அதை அறிந்தபோது எனக்கு அவன் அழைத்தலில் நம்பிக்கை பிறந்தது.

சென்ற ஞாயிறு அந்தத் தாய் மறுபடி கடைசி வாங்கில் இருந்தார். “என்ன அம்மா, முடிவு?” என்று கேட்டேன்.

“நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை, சுவாமி. அவன் போற இடத்திலை ஒரு தாய் இருப்பாள்தானே? அவளுக்கு நோய் வந்தால் இவன் பாப்பான். எனக்கு வந்தால் என்ரை மோள் பாப்பாள். ஆனால் கிழமைக்கு ஒருக்கால் ரெலிபோன் எடுத்துக் கதைக்க வேணும் எண்டு சொல்லிப்போட்டன். அதுக்கு மட்டும் நீங்கள் சாட்சி.”

தமியானின் கடிதம் பெல்ஜியத்துக்குப் போய்ச்சேர அக்காலத்தில் மாதங்கள் செல்லும். அவருடைய தாயார் 1886இல், மகனைக் காணாமலே கண்மூடினார். இன்றைய தாய்க்கு வாரத்துக்கு ஒரு தடவை மகனின் குரலாவது கேட்கும். அது சிறிய ஆறுதல்தான். ஆனாலும் அவர் கேட்டது நியாயம். நான் சாட்சியாக நிற்கச் சம்மதித்தேன்.

இம்மாதம் மறைபரப்பு ஞாயிற்று உறை உங்கள் கைக்கு வரும்போது, அதற்குள் வைக்கக்கூடியதை வையுங்கள். பின்னர் ஒரு நிமிடம் முழந்தாளில் நின்று, உறைக்குள் வைக்க முடியாததைக் கொடுத்த தாய்மாருக்காக ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். கடல் கடந்து நமக்கு விசுவாசம் கொண்டு வந்தவர்களின் தாய்மாரும் அவர்களுள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியா, கடவுளுக்குத் தெரியும்.